நாற்பத்தேழாம் எண் கத்தி

பேருந்தில் பயணச்சீட்டு பரிசோதிக்க வருபவரை யாருக்கும் பிடிப்பதில்லை. சீட்டு வாங்காதவர்களுக்குப் பிடிக்காததில் நியாயம் இருக்கிறது. வாங்கியவர்களுக்கும் பிடிக்காது என்பதுதான் வேடிக்கை. சீட்டு சட்டைப் பையில் பத்திரமாக இருக்கும்போதே, அவர் ஏறியதும் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். இருபத்தாறு வருடமாக ஊர் நெஞ்சை இப்படி அடித்துக்கொள்ள வைத்தவர் ஒருவர் இருந்தார். நடத்துநர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் அடிஸ்கேல். நிற்பதும் நேர், பேசுவதும் நேர். ஒடிந்தாலும் ஒடிவாரே தவிர வளைய மாட்டார் என்பது டிப்போவின் தீர்ப்பு. அவர் காதுபட யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அந்தப் பெயர் தெரியும் என்பதும், உள்ளுக்குள் அது பிடித்தே இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது.

இந்த விறைப்பு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, அவரே சொல்லிவிடுவார். அப்பாவிடமிருந்து. அப்பா, ஊரின் பெரிய ஆஸ்பத்திரிச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் மாஸ்டராக இருந்தவர். தினம் அறுநூறு பேருக்குச் சமைத்தவர். "ஒரு வெங்காயத் தோல்கூட எங்க வீட்டுக்கு வந்ததில்ல" என்று மகன் சொல்வார். எங்கே சொல்வார் என்றால், சீட்டில்லாமல் அகப்பட்டவரின் முன்னால் நின்று அபராத ரசீது எழுதும்போது சொல்வார். அபராதத்தைக்கூடத் தாங்கிக்கொண்டோம், அந்த வெங்காயத் தோலைத்தான் தாங்க முடியவில்லை என்று சிலர் பிற்பாடு சொன்னதாகக் கேள்வி.

அந்த அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்த சொத்து ஒரு கத்தி. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான நீளம். தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துபோனது. மாஸ்டர் தினமும் காலையில் அதைத் துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போவார், மாலையில் எடுத்துவருவார். அது அவருடைய சொந்தக் கத்தி என்பதில் வீட்டில் யாருக்கும் இரண்டாவது எண்ணமே வந்ததில்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒன்பது வருடம் அது பரணில் கிடந்தது. நினைவாக வைத்திருக்கிறோம் என்று பல வீடுகளில் சொன்னால், எங்கே வைத்தோம் என்பது மறந்துவிட்டது என்று பொருள். இந்த வீடும் விலக்கல்ல.

தண்ணீர்க் குழாயில் கசிவு வந்து பரணைக் காலிசெய்தபோது கத்தி இறங்கி வந்தது. சுற்றியிருந்த துணி நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. அலகு முழுக்கச் செம்மண் பூசியது போலத் துரு. மனைவி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். அவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர். எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் காலாவதி தேதி தேடும் பழக்கம் உண்டு.

"தூக்கிப் போட்டுடலாமாங்க?"

அவர் எழுந்து கடைக்குப் போனார். சாயங்காலம் வினிகர் பாட்டில், மூன்று தினுசு உப்புத்தாள், எண்ணெய், மரக்கடையில் வெட்டிப் போட்டதில் பொறுக்கிய இரண்டு நல்ல துண்டுகள் ஆகியவற்றோடு வந்து சேர்ந்தார். பதில் அதுதான்.

துரு போவது பெரிய வித்தை இல்லை. அலகை ஒரு நாள் வினிகரில் ஊறப்போட வேண்டும், பிறகு கை சலிக்கத் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரப்பான தாள், அடுத்து நைஸ் தாள், அதைவிட நைஸ். வீடு முழுக்க ஊறுகாய்க் கம்பெனி மாதிரி நாறியது. மனைவி ஜன்னலைத் திறந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அலகு சாம்பல் நிறத்துக்குத் திரும்பியது. அங்கங்கே அம்மைத் தழும்பு போலக் குழிகள் இருந்தாலும், முகம் பார்த்தால் யார் என்று அடையாளம் தெரிந்தது.

மீதி இருந்தது கைப்பிடி. அந்தக் கைப்பிடி குடும்பத்தில் பழைய கேலிப் பொருள். மாஸ்டர் தன் கையாலேயே செதுக்கியது. ஒரே அளவில் வெங்காயம் நறுக்கும் மனிதருக்கு மரம் மட்டும் கைவரவில்லை. கோணலாக இருக்கும், பருமனாக இருக்கும், எல்லாவற்றுக்கும் மேல் நீளமாக இருக்கும். பிடிக்க வேண்டிய இடத்தையும் தாண்டி அலகின் மேல் இரண்டு விரற்கடை ஏறி நிற்கும். கத்தியைவிடப் பிடி பெரிசு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒருமுறை சொல்லிச் சிரித்துவிட்டுப் போவார்கள். மகனுக்குப் பதினேழு வயதிருக்கும்போது ஒரு நாள் மாஸ்டர் இந்தப் புதுப் பிடியோடு வீட்டுக்கு வந்தார். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டதற்கு, "பழசு வழுக்குது" என்றார்.

இப்போது அது ஈரத்தில் ஊறிப் பிளந்திருந்தது. கழற்றித்தான் ஆக வேண்டும். ரிவிட்டுகளை டிரில்லால் துளைத்து எடுத்தார். ஒரு பக்க மரம் தானாக விழுந்தது. மறுபக்கம் ஏதோ கறுப்புப் பசையில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினார். வந்தது. அடியில் இருந்த கறுப்புப் பொருக்கைத் தேய்த்தபோது முதலில் ஒரு நாலு தெரிந்தது. அடுத்து ஒரு ஏழு. அதற்கு முன்னால் மூன்று எழுத்துகள்.

அந்த மூன்று எழுத்தை அவருக்குத் தெரியும். மகள் பிறந்த அன்று குழந்தையைச் சுற்றிக் கொடுத்த போர்வையின் மூலையில் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியின் கட்டில், பெட்பேன், நாற்காலி எல்லாவற்றிலும் இருப்பவை. ஆஸ்பத்திரிச் சொத்து என்று அர்த்தம்.

எழுத்தோடு விட்டிருந்தால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கலாம். எழுத்துகள் மேலும் எண் மேலும் சாய்வாக ஒரு ஆழமான வெட்டு ஓடியது. உளி வைத்து அடித்த வெட்டு. அழிக்கப் பார்த்திருக்கிறார், முடியவில்லை, அதனால் நீளமாகப் பிடி போட்டு மூடியிருக்கிறார். பழசு வழுக்குகிறது என்று சொல்லியிருக்கிறார். பரிசோதகருக்கு இருபத்தாறு வருட அனுபவம். காலடியில் சீட்டைத் தேடுவதுபோல் குனிகிறவன், தூங்குவதுபோல் நடிப்பவன், அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறேன் என்பவன் எல்லோரையும் பார்த்தவர். மூன்று சாட்சியம் ஒரே பக்கம் கை காட்டினால் என்ன முடிவுக்கு வர வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

மனைவி வந்து பார்த்தார். எண்ணைத் தடவினார். விஷயம் புரிந்தது. புருஷனின் முகத்தைப் பார்த்ததும் அதைவிட நன்றாகப் புரிந்தது.

"ஒரு கத்திங்க. அதுவும் முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. யாரு கேக்கப் போறா? புதுப் பிடியையும் கொஞ்சம் நீளமாவே போட்டுடுங்க."

"நீயா இப்படிச் சொல்ற?"

"நான் சொல்லாம வேற யாரு சொல்லுவா. இதுக்கெல்லாம் கூட்டாளி இல்லாம உங்களால முடியாதே."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. கத்தியை யாராவது கேட்பார்களா என்பது அவர் கவலையே அல்ல. அபராத ரசீதை நீட்டும்போது சொல்ல இனி ஒரு வாக்கியம் இல்லை என்பதுதான் கவலை. அந்த வாக்கியம் இல்லாமல் ரசீதும் எழுத வராது என்பது திங்கட்கிழமை தெரிந்தது.

திங்கட்கிழமை காலை, பள்ளிக்கூட நிறுத்தத்தில் ஏறியதும் ஒருவர் அகப்பட்டார். சீட்டில்லை, சில்லறை மாற்றிக்கொண்டிருந்தேன் என்றார். ஒன்பது நிறுத்தமாக மாற்றிக்கொண்டிருந்தாராம். பரிசோதகர் அவரை உற்றுப் பார்த்தார். உங்கள் மகனுக்கு இது தெரியுமா என்று கேட்கத் தோன்றியது. "சீட்டு வாங்கிக்கோங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப்போனார். செவ்வாய் இரண்டு பேர். புதன் ஒரு குடும்பமே. யாருக்கும் ரசீது இல்லை, யாருக்கும் வெங்காயத் தோல் இல்லை.

டிப்போ கலங்கிப்போனது. அடிஸ்கேலுக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, இது ஏதோ பொறி, மேலிடத்திலிருந்து ரகசிய உத்தரவு வந்திருக்கிறது, நம்மைத்தான் வேவு பார்க்கிறார் என்று இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சிதான் ஜெயித்தது. நடத்துநர்கள் பயந்துபோய், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் நின்று சீட்டைக் கையில் திணித்துவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போனார்கள். அவர் கண்டிப்பாக இருந்த இருபத்தாறு வருடத்தில் நடக்காதது அவர் தளர்ந்த ஒரே வாரத்தில் நடந்தது. வியாழனும் வெள்ளியும் அவருடைய வழித்தடத்தில் சீட்டில்லாத ஆள் ஒருவர்கூட இல்லை. இந்தச் சாதனையை அனுபவிக்கும் நிலையில் அவர் இல்லை.

வெள்ளிக்கிழமை ஒரு முடிவுக்கு வந்தார். கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: யாரிடம்? சமையலறையில், என்றார். சனிக்கிழமை லீவு போட்டார். பிடியில்லாத அலகு, கழற்றிய மரத்துண்டுகள் இரண்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். ஊழியர் அட்டை இருந்தும், சொந்த வேலையாகப் போவதால் சீட்டு வாங்கினார். கொடுத்த நடத்துநர் மீதிச் சில்லறையை மூன்று முறை எண்ணினார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி பையைத் திறந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே பையை மூடினார்.

"கத்தியோட எங்க சார் போறீங்க?"

"சமையலறைக்கு. திருப்பிக் குடுக்கணும்."

காவலாளியின் வேலை, உள்ளேயிருந்து பொருள் வெளியே போகாமல் பார்ப்பது. வெளியேயிருந்து உள்ளே வந்து சேர முயலும் பொருளுக்கு அவரிடம் விதி இல்லை. தொலைபேசியை எடுத்து, ஒருத்தர் கத்தியோடு வந்து சமையலறை ஆட்களைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார் என்று உள்ளபடியே தெரிவித்தார். உள்ளபடி சொல்லும் விஷயங்கள் சில நேரம் மிரட்டல் போலத்தான் கேட்கும். சமையலறைப் பொறுப்பாளர் இரண்டு பலசாலிகளை முன்னால் விட்டுப் பின்னால் வந்தார்.

பொறுப்பாளர் முப்பது வயதுப் பெண். தலையில் வலைத்தொப்பி. விவரத்தை நின்று கேட்டார், அலகை வாங்கிப் பார்த்தார், மரியாதையாகவே திருப்பிக் கொடுத்தார். துருப்பிடிக்கிற இரும்பு சமையலறைக்குள் வரக்கூடாது. மரப் பிடியும் கூடாது. எல்லாம் இப்போது எவர்சில்வர். இதை அவர் வாங்கி வைத்தால் அவருக்குத்தான் கேள்வி வரும்.

"எடுத்துட்டுப் போங்க சார். எங்களுக்கு வேண்டாம்."

"உங்களுக்கு வேணுமா வேண்டாமாங்கறது இல்லம்மா. இது உங்களோடது."

"எங்களோடதுன்னா, வேண்டாம்னு சொல்ற உரிமையும் எங்களுக்கு உண்டுல்ல?"

அவர் அலகைப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் நகரவில்லை. அடிஸ்கேல் நின்றால் நின்றதுதான். நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள் கூடிவிடுவார்களோ என்று பயந்த பொறுப்பாளர், பழைய ஆள் யாரையாவது கேட்கலாம் என்று அவரைச் சமையலறையின் பின்வாசலுக்கு அழைத்துப்போய், காய் அக்காவைக் கூப்பிட்டார்.

காய் அக்கா என்றால் காய் நறுக்கும் அக்கா. இருபத்தோரு வயதில் சேர்ந்து, இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு பெறப் போகிறவர். ஈரக் கையை முன்துணியில் துடைத்துக்கொண்டே வந்தார். அலகை அவர் பார்க்கவே இல்லை. பையிலிருந்து எட்டிப் பார்த்த மரத்துண்டைத்தான் பார்த்தார்.

"இந்த ஸ்டூல் கால் உங்க கைக்கு எப்படி வந்துச்சு?"

பரிசோதகர் மரத்துண்டை வெளியே எடுத்தார். முந்தின நாளிலிருந்து மனசுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னார். இங்கே மாஸ்டராக இருந்தவரின் மகன் நான். அப்பா இந்தக் கத்தியை எடுத்து வந்துவிட்டார். எண்ணை அழிக்கப் பார்த்து, அழியாமல் மூடி வைத்திருக்கிறார். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன்.

காய் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மாஸ்டர் மகனா? அந்த பஸ்ல டிக்கெட் கேக்கற புள்ளையா?"

"ஆமா."

"மாஸ்டர் திருடினாருன்னு நீங்களே சொல்றீங்க."

அவர் தலையாட்டினார். காய் அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பொறுப்பாளருக்கே சங்கடமாகிவிட்டது. சிரித்து முடித்து உள்ளே போனவர் தன் சாப்பாட்டு டப்பாவோடு திரும்பினார். விளிம்பெல்லாம் நசுங்கிய பழைய டப்பா. மூடியைத் திருப்பி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினார். அதே மூன்று எழுத்து. பக்கத்தில் 48. எல்லாவற்றின் மேலும் சாய்வாக, அதே கோணத்தில், அதே ஆழத்தில் ஒரு உளி வெட்டு.

"இது எங்கம்மா எனக்கு வாங்கிக் குடுத்த டப்பா. நான் எங்கேருந்து திருடினேன்னு கண்டுபிடிங்க பாப்போம்."

நடந்தது இதுதான். காய் அக்கா சேர்ந்த புதிதில் ஸ்டோருக்கு ஒரு புது அதிகாரி வந்தார். பொருள்கள் காணாமல் போவதை ஒழித்துக்கட்டுவது என்று சபதம் எடுத்துக்கொண்டு, ஒரு நாள் காலை சுத்தியலும் எழுத்து அச்சும் ஏந்திச் சமையலறைக்குள் நுழைந்தார். கரண்டி, அண்டா, தட்டு, மூடி என்று கண்ணில் பட்ட உலோகத்தில் எல்லாம் எண் போட்டார். மாஸ்டர் அடுப்படியில் இருந்தார். மேசை மேல் அவருடைய சொந்தக் கத்தி இருந்தது. அதன் பக்கத்தில் காய் அக்கா கழுவிக் கவிழ்த்த டப்பா இருந்தது. நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம் அசையாமல் நின்றிருந்தால் என் வளையலிலும் அடித்திருப்பார் என்றார் காய் அக்கா.

அன்று மாலை வாசலில் மாஸ்டரைக் காவலாளி நிறுத்தினார். எண் போட்ட கத்தி வெளியே போகக்கூடாது. ஒரு மணி நேரம், நோயாளிகளைப் பார்க்க வந்த கூட்டம் முழுக்க வேடிக்கை பார்க்க, துணியில் சுற்றிய கத்தியோடு அவர் வாசலில் நின்றார். மறுநாள் ஸ்டோர் அதிகாரியிடம் மாஸ்டரும் காய் அக்காவும் போனார்கள். தவறு நடந்துவிட்டது என்று அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் போட்ட எண்ணை எடுக்க வழியில்லை. அடிக்கத்தான் வழி உண்டு. அதனால் அவரே உளியை வைத்து இரண்டிலும் ஒரு கோடு அடித்துக் கொடுத்தார். ரத்து என்று அர்த்தம். அந்த அர்த்தம் ஸ்டோருக்குத் தெரியும். வாசலுக்குத் தெரியாது.

"தினம் சாயங்காலம் நிறுத்துவாங்க. தினம் கதை சொல்லணும். எனக்கென்ன, வாய் இருக்கு, சொல்லிட்டுப் போயிடுவேன். இப்ப இருக்கறது ஏழாவது வாட்ச்மேன், அவருக்கும் சொல்லியாச்சு. மாஸ்டருக்கு முடியல. ஒரு வாரம் பாத்தாரு. அப்பறம் ஒரு நாள் மத்தியானம் உக்காந்து, பிடி செதுக்க ஸ்டூல் கால அறுக்க ஆரம்பிச்சுட்டாரு. எதுக்கு மாஸ்டர் மூடறீங்க, நாமதான் தப்பு பண்ணலயேன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"தப்பு பண்ணலன்னு தினம் சொல்லிட்டே இருந்தா எனக்கே சந்தேகம் வந்துரும்மான்னாரு."

பரிசோதகர் பின்வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் ஈரப் படியில் உட்காருவதைப் பார்த்துப் பொறுப்பாளர் நாற்காலி கொண்டுவரச் சொன்னார். அது வருவதற்குள் அவர் கண்ணாடியைக் கழற்றி இரண்டு தடவை துடைத்தார். ஒரு வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கியபோதுதான் அதன் எடை தெரிந்தது. காய் அக்கா தண்ணீர் கொடுத்தார். அந்த டம்ளரின் அடியில் என்ன எண் என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். பழக்கம்.

விடைபெற்று வாசல்வரை போனவர் திடீரென்று நின்றார். திரும்பி வந்தார். முகம் மறுபடி இருண்டிருந்தது.

"அக்கா, அந்த ஸ்டூல் யாரோடது?"

காய் அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அதுவும் அவரே வீட்டுலேருந்து கொண்டாந்ததுதான். ஆஸ்பத்திரி ஸ்டூல் அவர் உடம்பத் தாங்காது. போதுமா? இல்ல, ஆணி யாரோடதுன்னு கேக்கப் போறீங்களா?"

கேட்கத்தான் வாயெடுத்தார். அடக்கிக்கொண்டார்.

வெளியே போகும்போது காவலாளி பையைத் திறந்து பார்த்து, கத்தி வெளியே போகக்கூடாது என்றார். பரிசோதகர் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டோர் அதிகாரி, உளி, கோடு, டப்பா, எதையும் விடவில்லை. சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை, உற்சாகமாகவே இருந்தது. கேட்டவருக்குத்தான் கால் வலித்தது.

திங்கட்கிழமை மறுபடி ரசீதுப் புத்தகம் வெளியே வந்தது. டிப்போ நிம்மதிப் பெருமூச்சு விட்டது. நடத்துநர்கள் பழையபடி அலட்சியமானார்கள், சீட்டில்லாதவர்களும் பழையபடி கிடைத்தார்கள். ஒரே ஒரு மாற்றம். அகப்பட்டவர் காரணம் சொல்ல ஆரம்பித்தால் முன்பெல்லாம் பாதியில் வெட்டுவார். இப்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு முழுக்கக் கேட்கிறார். சில சமயம் இரண்டு நிறுத்தம் தாண்டியும் கேட்கிறார். நூற்றில் ஒன்று உண்மையாகவும் இருக்கிறது. மீதி தொண்ணூற்றொன்பதுக்கும் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு ரசீது எழுதுகிறார். பழைய வெட்டே தேவலாம் என்பது பயணிகளின் கருத்து.

அடுத்த ஞாயிறு புதுப் பிடி போட்டார். அளவாக, நேராக, அழகாக வந்தது. ரிவிட்டைத் தட்டிச் சமமாக்கி, எண்ணெய் தடவி, சாணைக்கல்லில் தீட்டி, ஒரு தக்காளியை மேலே வைத்தார். கத்தி அதன் எடையிலேயே இறங்கியது. மனைவிக்கும் பிடித்துவிட்டது, இப்போது வீட்டில் அதுதான் ஓடுகிறது. ஆனால் புதுப் பிடி அலகின் மேல் ஏறவில்லை. எழுத்து, எண், கோடு மூன்றும் பளிச்சென்று வெளியே தெரிகின்றன. வேண்டுமென்றே அப்படி விட்டார்.

வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள், இது என்ன நாற்பத்தேழு? கேட்காதவர்களிடம் கத்தியை அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார். பிறகு ஸ்டோர் அதிகாரியிலிருந்து ஆரம்பிக்கிறார். வெங்காயத் தோல் ஒரு வாக்கியத்தில் முடிந்தது. இது முக்கால் மணி நேரம் ஓடுகிறது, ஸ்டூல் காலுக்குத் தனிக் கிளைக்கதை உண்டு. போன வாரம் எதிர் வீட்டுக்காரர் தேநீர் ஆறிப்போகக் கேட்டுவிட்டுத் தப்பித்துப் போன பிறகு, மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டே சொன்னார்:

"மாமா எதுக்கு மூடி வெச்சாருன்னு எனக்கு இப்பத்தான் நல்லாப் புரியுது."